புந்தோங்கிலிருந்து பீடோருக்கு, அக்காவின் பின்னால்

அக்காவைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். வீட்டில் எனக்குக் கொடுத்தனுப்பிய வேலை அவ்வளவுதான். கரூரில் ஊசி, நூல், பொத்தான் விற்கிறவன் நான். கோயம்புத்தூருக்குச் சரக்கெடுக்கப் போவதையே பெரிய பயணமாக நினைப்பேன். அப்படிப்பட்டவனை மலேசியாவுக்கு விமானம் ஏற்றிவிட்டார்கள் என்றால் விஷயம் எவ்வளவு முற்றிப்போயிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

என் அக்கா செல்வி இருபத்திரண்டு வருடத்துக்கு முன் ஈப்போவுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். அவள் கணவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். நல்ல மனிதர், லாரி ஓட்டுநர். போன வருடம் மாரடைப்பில் போய்விட்டார். குழந்தை இல்லை. காரியம் முடிந்ததும் அக்கா ஊருக்கு வந்துவிடுவாள் என்று நினைத்தோம். அவளோ போனில் "பாக்கலாம், பாக்கலாம்" என்றே ஒரு வருடத்தை ஓட்டிவிட்டாள். அம்மாவுக்குத் தூக்கம் போயிற்று. "நீ நேர்ல போனாத்தான் கண்ணு அவ அசைவா" என்று என்னை அனுப்பிவிட்டாள்.

வியாழக்கிழமை ஈப்போ பேருந்து நிலையத்தில் அக்கா நின்றிருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். மற்றபடி அதே நடை, அதே அதட்டல். வாடகைக் காரில் புந்தோங் என்கிற பகுதியில் இருந்த அவள் வீட்டுக்குப் போனோம். சுற்றிலும் தமிழ்க் குரல்கள், வாசல்களில் மாவிலை. வெளியே வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் குன்றுகள் நிற்காவிட்டால் கரூரிலேயே இறங்கிவிட்டதாக நினைத்திருப்பேன்.

வீட்டு முகப்பில் மாமாவின் பழைய மோட்டார் சைக்கிள் நின்றது. இந்த ஊரில் எல்லோரும் ஓட்டுவது 'கப்சாய்' என்கிற சின்ன வண்டி. அதற்குப் பெட்ரோல் தொட்டி இருக்கைக்கு அடியில் இருக்கும். மாமாவுடையது அந்த ரகம் இல்லை. நம் ஊர் வண்டி மாதிரி தொட்டி முன்னால், மேலே சாவி போட்டுத் திறக்கும் வட்ட மூடி. முன்னும் பின்னும் புத்தம் புதிதாக 'பி' என்ற எழுத்தை ஒட்டியிருந்தார்கள். புதிதாக உரிமம் வாங்கியவர்களுக்கான அடையாளமாம்.

"இது யாருக்குக்கா?"

"எனக்குத்தான்லா. மூணு வாரம் ஆச்சு லைசென்ஸ் எடுத்து" என்றாள் அக்கா. பேச்சின் முடிவில் ஒரு 'லா' போடுவது இந்த ஊர் வழக்கம்.

சாப்பிட உட்கார்ந்த பிறகும் என்னால் அதை நம்ப முடியவில்லை. அக்காவுக்கு நாற்பத்தெட்டு வயது. ஊரில் இருந்தவரை சைக்கிளில் கூடப் பின்னால் உட்கார்ந்துதான் போவாள், ஓட்டமாட்டாள்.

விஷயம் இதுதான். அவள் வேலை செய்வது ஜெலாப்பாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில். ஆட்களை ஏற்றிவந்த பேருந்தை இந்த மாதத்தோடு நிறுத்துகிறார்கள். காலை ஏழு மணி வேலைக்குச் சொந்த வண்டியில் போனால் வேலை உண்டு, இல்லாவிட்டால் இல்லை. வேலை போனால் வாடகை வீடும் போகும். அப்புறம் ஈப்போவில் அவளுக்கு என்ன இருக்கிறது? மூடிய வாய்க்குள் நான் சிரித்துக்கொண்டேன். அம்மா கும்பிட்ட சாமி கண் திறந்துவிட்டது என்று நினைத்தேன்.

அக்கா என் முகத்தைப் படித்துவிட்டாள். சோற்றைப் பிசைந்தபடியே சொன்னாள்: "ஒண்ணு பண்ணுவோம் தம்பி. ஞாயித்துக்கெழம ஒன்ன பின்னால ஏத்திக்கிட்டு பீடோர் போறேன். ஒங்க மாமா பொறந்த தோட்டம் அங்கதான். கோயில்ல கும்பிட்டுட்டு, இருட்டுறதுக்குள்ள இந்த மோட்டர்லயே வீட்டுக்கு வந்துட்டா, நா இங்கயே இருப்பேன். அம்மாகிட்ட நீதான் பேசணும். வரலன்னா, ஒன்கூட வாரேன். மறுபேச்சு இல்ல."

கைகழுவிவிட்டு வண்டியை இன்னொரு முறை போய்ப் பார்த்தேன். கடைக்கு வாங்கும்போதே தோற்றுப்போகிற சரக்கு எது என்று எனக்குத் தெரியும். இதை நான் வாங்கியிருக்க மாட்டேன். நிம்மதியாகத் தூங்கினேன்.

நான் வந்ததற்காக அக்கா லீவு போட்டிருந்தாள். வெள்ளிக்கிழமை ஜெலாப்பாங்குக்கு ஒத்திகை. அக்கா ஓட்ட, நான் பின்னால். தலைக்கவசத்துக்குள் என் முகம் யாருக்கும் தெரியாது என்பது பெரிய ஆறுதல். தெருமுனை தாண்டவில்லை, வண்டி நின்றுவிட்டது. உதைத்தாள், உதைத்தாள், அசையவில்லை. எதிர்வீட்டு அம்மாள் துணி உலர்த்திக்கொண்டே, "செல்வி, எண்ணெக் குழாயத் தொறந்தியா?" என்று கேட்டார். பெட்ரோலை இங்கே எண்ணெய் என்கிறார்கள். தொட்டிக்கு அடியில் உள்ள குழாயை வண்டி நிறுத்தும்போதெல்லாம் மூடிவைப்பது மாமாவின் பழக்கம். அக்கா அதை மூடக் கற்றுக்கொண்டிருந்தாள், திறக்கத்தான் மறந்துவிட்டாள். குழாய்க்குக் கீழே மிச்சமிருந்த பெட்ரோல் தெருமுனை வரை வந்திருக்கிறது.

அடுத்தது சோக். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப இழுத்துவிட்டு, சூடானதும் உள்ளே தள்ள வேண்டும். தள்ளவில்லை. பின்னால் கருப்புப் புகையாக விட்டுக்கொண்டு போனோம். ஒரு கார்க்காரர் சன்னலை இறக்கிச் சைகை காட்டிய பிறகுதான் தெரிந்தது. "கத்துக்கிட்டிருக்கேன்லா!" என்று அவருக்குக் கேட்காத குரலில் அக்கா பதில் சொன்னாள்.

மூன்றாவதுதான் புதிர். நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி, இருபது நிமிடம் ஆனதும் இழுக்கத் திணறியது. இரண்டு முறை குலுங்கியது. தொழிற்சாலை வாசல் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் செத்துவிட்டது. குழாய் திறந்திருந்தது, சோக்கும் சரியாக இருந்தது. பெட்ரோல் தீர்ந்துவிட்டதோ என்று அக்கா சாவி போட்டு மூடியைத் திறந்து பார்த்தாள். பாதித் தொட்டி இருந்தது. மூடிவிட்டு உதைத்தாள். ஒன்றுமே நடக்காதது போல் கிளம்பிவிட்டது. திரும்பி வரும்போதும் வீட்டுக்குக் கொஞ்சம் முன்னால் அதே கதை.

அன்று சாயங்காலம் அக்கா விளக்கேற்றிவிட்டு, சந்தனக் கிண்ணத்தோடு முகப்புக்கு வந்தாள். தொட்டி மூடியின் மேல் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் இட்டாள். மாமா வெள்ளிக்கிழமைதோறும் செய்ததாம். அவர் போன பிறகு இவள் ஒரு வாரமும் விட்டதில்லை. பார்த்துக்கொண்டிருந்த நான் எழுந்தேன். உள்ளே போய்த் தண்ணீர் குடித்தேன்.

சனிக்கிழமை ஜெலாப்பாங்கில் பட்டறை வைத்திருக்கும் ஒரு சீனரிடம் போனோம். 'தௌக்கே' என்று கூப்பிட்டாள் அக்கா. முதலாளி என்று அர்த்தமாம். ஐம்பது வயதிருக்கும். வாயில் பல்குச்சி. பேசியது மலாயில், அக்கா எனக்குத் தமிழில் சொன்னாள். அவரும் முதலில் மூடியைத் திறந்து உள்ளே மோந்து பார்த்தார். முகத்தைச் சுளித்தார்.

"ஒரு வருஷமா நின்ன எண்ணெ. கெட்டுப்போச்சு. ரோசாக்."

ரோசாக் என்றால் பழுது. இந்தப் பயணத்தில் நான் நன்றாகக் கற்றுக்கொண்ட மலாய்ச் சொல் அது ஒன்றுதான். பழைய பெட்ரோலை முழுவதும் வடித்தார். கார்புரேட்டரைக் கழற்றினார். அடிக்கிண்ணத்தில் பச்சையாக ஒரு பிசின். மயிரிழை போன்ற துளைகளைக் காற்றடித்துச் சுத்தம் செய்தார். வடிகட்டியை மாற்றினார். புதுப் பெட்ரோல் ஊற்றி, தெருவை இரண்டு சுற்றுச் சுற்றிவந்து கட்டைவிரலை உயர்த்தினார். பிறகு அக்காவிடம் ஏதோ சொன்னார். அக்கா சிரிக்கவில்லை.

"என்னக்கா சொல்றார்?"

"ஒன் வீட்டுக்காரரு இந்த மோட்டர யாரையும் தொட விடமாட்டாரு, நீ தைரியமா தொட்டுட்ட, அப்டின்றாரு."

ஞாயிறு காலை கிளம்பினோம். தொட்டி நிறையப் பெட்ரோல். அக்கா நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவில்லை. லாரிகள் எங்களைக் கடக்கும்போது இருவரும் ஒன்றாகக் குனிந்தோம். நம் ஊராக இருந்தால் பின்னால் வருகிற அத்தனை பேரும் ஹாரன் அடித்தே எங்களைப் பள்ளத்தில் தள்ளியிருப்பார்கள். இங்கே பொறுமையாக ஒதுங்கிப் போகிறார்கள். ஓட்டுவது பெண், பின்னால் பயந்து உட்கார்ந்திருப்பது ஆண்பிள்ளை என்று ஒரு வேன் நிறையப் பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்துக் கையாட்டினேன்.

கோப்பெங் தாண்டியதும் முதல் தடவை நின்றது. ஒரு மலாய்க்காரர் தன் வண்டியை நிறுத்திவிட்டு வந்து, மூடியைத் திறந்து பார்த்து, தொட்டியைக் குலுக்கி, மூடினார். கிளம்பிவிட்டது. தொட்டியில் தண்ணீர் இறங்கியிருக்கும் என்றார். கம்பாரில் இரண்டாவது தடவை, நல்லவேளையாக ஓர் உணவுக்கடை வாசலில். கடைக்காரர் தமிழ் முஸ்லிம், அவருடைய தாத்தா இராமநாதபுரத்திலிருந்து வந்தவராம். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தார்.

"எண்ணெ இருக்காலா?" என்று கேட்டு, அவரும் மூடியைத் திறந்தார். "நெறைய இருக்கே. அப்ப பிளக்காத்தான் இருக்கும். சரி, வாங்க, சாப்புட்டுப் போங்க. எஞ்சினு ஆறட்டும்."

ரொட்டி சானாய் வந்தது. நம் புரோட்டாவின் ஒன்றுவிட்ட தங்கை. பருப்புக் குழம்பில் முக்கிச் சாப்பிட்டேன். இழுத்து இழுத்து ஆற்றிய தேநீர் ஒரு குவளை. கரூரில் மூன்று பேர் குடிக்கிற அளவு. எழுந்து வந்து உதைத்ததும் வண்டி கிளம்பியது. "பாத்தீங்களா? நாஞ் சொல்லல?" என்றார் கடைக்காரர், என்ன சொன்னார் என்பது அவருக்கே ஞாபகம் இல்லாமல்.

தாப்பா தாண்டி மூன்றாவது தடவை. அங்கே கடை இல்லை, ஆள் இல்லை. இரண்டு பக்கமும் செம்பனை, பாமாயில் எடுக்கிற மரம். அக்கா நிழலில் போய்த் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். முகம் வாடியிருந்தது. நான் சாவியை வாங்கி மூடியைத் திறந்தேன்.

உஸ்ஸ் என்று ஒரு சத்தம். காற்று தொட்டிக்குள் இழுத்துக்கொண்டு போகிற சத்தம். வாகன இரைச்சலில் இதுவரை யாருக்கும் கேட்கவில்லை.

அப்படியே நின்றேன். அக்கா, தௌக்கே, மலாய்க்காரர், உணவுக்கடைக்காரர், எல்லோரும் முதலில் செய்த வேலை ஒன்றுதான், மூடியைத் திறந்து பார்த்தது. மற்ற எதுவும் வண்டியைக் கிளப்பவில்லை. கீழே பெட்ரோல் இறங்க இறங்க மேலே காற்று உள்ளே போக வேண்டும். அதற்கு மூடியில் ஒரு சின்ன வழி இருக்கும். எங்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெய் டின்னில் அம்மா இரண்டு ஓட்டை போடுவாள். ஒன்று எண்ணெய்க்கு, ஒன்று காற்றுக்கு. மூடியின் மேல்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். சாவித் துளைக்குப் பக்கத்தில் காற்று போகிற துளை இருக்க வேண்டிய இடத்தில், ஒரு வருடத்துச் சந்தனம் மேல்மேலாகக் காய்ந்து கல்லாக இறுகியிருந்தது.

எனக்கு விளங்கிவிட்டது. நான் சொல்லவில்லை.

சொல்லாமல் மூடியைப் போட்டுப் பூட்டினேன். "இப்ப பாருக்கா" என்றேன். வண்டி கிளம்பியது. அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து நான் கணக்குப் போட்டேன். இது இப்படியே நின்று நின்று போகட்டும். இன்று சாயங்காலம் அவளே சலித்துவிடுவாள். அடுத்த வாரம் அம்மா பக்கத்தில் இருப்பாள். யாருக்கு நஷ்டம்? இப்படியெல்லாம் நினைத்தேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

பீடோருக்கு முன்னால் ஒரு செம்மண் பாதையில் திரும்பி உள்ளே போனோம். மாமா பிறந்த காலத்தில் இது ரப்பர்த் தோட்டம். பால்மரம் என்பார்கள். மரமும் போய், வரிசை வீடுகளும் போய், முழுக்கச் செம்பனை ஆகிவிட்டது. கோயில் மட்டும் நடுவில் பளிச்சென்று வர்ணமடித்து நிற்கிறது. பூட்டியிருந்த கம்பிக் கதவுக்கு வெளியே நின்று கும்பிட்டோம். அக்கா நீண்ட நேரம் கண் மூடியிருந்தாள். பிறகு படியில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு வந்த நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தாள். தேங்காய்ப்பால் சோறு, நெத்திலிச் சம்பல், அவித்த முட்டை.

"ஊருக்கு வந்தா என்னக்கா? அம்மா இருக்கா, நா இருக்கேன்" என்று ஆரம்பித்தேன்.

"இருக்கீங்க. சோறு போடுவீங்க, நல்லா வச்சுக்குவீங்க. எனக்குத் தெரியாதா?" சம்பலைத் தொட்டுக்கொண்டாள். "ஆனா அங்க வந்தா நா யாரு தம்பி? புருசன் செத்து வந்தவ. ஒரு விசேஷத்துல முன்னால நிக்க முடியுமா? இங்க பதினெட்டுப் பேரு எனக்குக் கீழ வேல செய்றாங்க. மலாய்க்காரப் புள்ளைங்க, நேப்பாளிப் பசங்க. காலைல போனா, அக்கா வந்தாச்சுன்னு அத்தன பேரும் நிமிந்து பாப்பாங்க. அது எனக்கு வேணும்லா."

முட்டையை எனக்கு வைத்துவிட்டு எழுந்து கை கழுவினாள். என்னால் அந்த முட்டையைச் சாப்பிட முடியவில்லை.

திரும்பும்போது தாப்பாவுக்குப் பக்கத்தில் நின்றது. அக்கா மூடியைத் திறந்து பார்த்து, மூடி, உதைத்து ஓட்டினாள். கம்பாரில் மறுபடி. அதே கடைக்குக் கொஞ்சம் முன்னால். இந்தத் தடவை அவள் மூடியைத் திறக்கவில்லை. குழாயை மூடி, வண்டியைக் கடை வரைக்கும் தள்ளிக்கொண்டு போய் நிறுத்திவிட்டு, உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். 

"சரி தம்பி. டிக்கெட் போடு" என்றாள். "பேக்டரிக்குப் போற வழில தெனம் இப்டி நின்னா என்ன பண்ணுவேன்? அவரு இருந்தா என்னான்னு பாத்துருப்பாரு. எனக்குத் தெரியலலா. எனக்கு ஒண்ணும் தெரியல."

அழுதாள். மாமா செத்தபோது வீடியோவில் பார்த்தேன், அப்போது கூட இப்படி அழவில்லை.

வந்த வேலை முடிந்துவிட்டது. அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. சொன்னால் அம்மா அன்று தூங்குவாள். ஆனால் எதிரே உட்கார்ந்து அழுகிறவள் எனக்கு நடக்கக் கற்றுக்கொடுத்தவள். தோற்றுப்போனவளாக இவளைக் கூட்டிக்கொண்டு போய் நான் என்ன செய்யப்போகிறேன்?

"அக்கா, வண்டியில கோளாறு ஒண்ணும் இல்ல" என்றேன். "மூடியில காத்துப் போற ஓட்டை அடைச்சிருக்கு. சந்தனம்."

அக்கா எழுந்தாள். வெளியே போய் மூடியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். மேசைமேல் வைத்துப் பார்த்தாள்.

"தொடச்சா அவரு வச்சதும் சேந்து போயிடுமேன்னு, அதுக்கு மேலயே வச்சேன்" என்றாள் மெதுவாக. "அடீல இருக்கறது அவரு கடைசியா வச்சது."

 கடைக்காரர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஒரு கிண்ணத்தில் வெந்நீரும் துவைத்து மடித்த துணி ஒன்றும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

அக்கா தானே செய்தாள். வெந்நீரை விரலால் தொட்டுத் தொட்டு ஊறவிட்டாள். மஞ்சளாகக் கரைந்தது. சட்டைக் கழுத்தில் குத்தியிருந்த ஊக்கை எடுத்து, துளையைச் சுற்றிப் பொறுமையாகச் சுரண்டினாள். அடிச் சந்தனம் வந்தபோது நிறுத்தி, விரலில் எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். என் நெற்றியிலும் வைத்தாள். பிறகு வாயை வைத்து ஊதினாள். காற்று அந்தப் பக்கம் போயிற்று.

கிண்ணத்துத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்ட மனம் வரவில்லை அவளுக்கு. கடை வாசலில் தொட்டியில் ஒரு கறிவேப்பிலைச் செடி இருந்தது.

"அண்ணே, இதுல ஊத்தலாமா?"

"ஊத்துங்க தங்கச்சி. நல்லதுதான்" என்றார்.

கம்பாரிலிருந்து ஈப்போ வரை வண்டி ஓரிடத்திலும் நிற்கவில்லை. இருபது நிமிடம் ஆனபோது இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். இருபத்தைந்து, முப்பது. "ஓடுது தம்பி! ஓடுதுலா!" என்று சாலையில் கத்தினாள். வெளிச்சம் இருக்கும்போதே புந்தோங் வந்து சேர்ந்தோம். எதிர்வீட்டு அம்மாளிடம், "இனிமே பொட்டு மோட்டர் முன்வெளக்குலதான் வைப்பேன்" என்று அறிவித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைந்தாள்.

ஒப்பந்தப்படி அம்மாவிடம் நான் பேசினேன். அக்கா வரவில்லை, மாமா வண்டியை ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போகப்போகிறாள் என்றேன்.  அம்மா, "வண்டி ஓட்டறாளா? அவளா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "மெதுவாப் போகச் சொல்லு கண்ணு" என்று வைத்துவிட்டாள்.

திங்கள் காலை அக்கா சீருடையில் இருந்தாள். வேலைக்குப் போகிற வழியில் என்னைப் பேருந்து நிலையத்தில் விட்டாள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு எப்படி உட்கார்ந்து போனேன் என்று கேட்காதீர்கள். இறங்கியதும் அவள் எஞ்சினை நிறுத்தவில்லை, ஏழு மணிக்குள் போக வேண்டும்.

"ஒண்ணு கேக்கவா? அந்த ஓட்டை அடைச்சிருக்குன்னு ஒனக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "காலையிலேயே. தாப்பாவுல" என்றேன்.

"அப்பறம் எதுக்கு மத்தியானம் வரைக்கும் சொல்லல?"

"நீ ஊருக்கு வந்துருவியேன்னு."

தலைக்கவசத்துக்குள் அவள் கண்கள் மட்டும்தான் தெரிந்தன. திட்டப்போகிறாள் என்று நின்றேன்.

"அரை நாளு" என்றாள். "அரை நாளு என்ன விட மனசில்லாம இருந்துருக்க. போதும் தம்பி, அத வச்சுக்கறேன்."

என் கன்னத்தைத் தட்டிவிட்டு, சோக்கைச் சரிபார்த்து, கிளம்பிப் போனாள். வளைவு வரை பார்த்துக்கொண்டு நின்றேன், திரும்பிப் பார்ப்பாள் என்று. அவள் பார்க்கவில்லை. புதிதாக ஓட்டுகிறவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது.